உதைத்தும் உயிர் பெறாத எஞ்சின்



விடியற்காலை ஐந்தரை மணி. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. லயத்து வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை உதைக்கிறீர்கள். எஞ்சின் முனகக்கூட இல்லை. மீண்டும் உதைக்கிறீர்கள். இருபது உதை, முப்பது உதை. சட்டை நனைந்து போகிறது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து தள்ளிவிட, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உருட்டிக்கொண்டு போனால் அடிவாரத்தில் 'படபட'வென்று பிடித்துக்கொள்கிறது. வேலைக்குப் போய்ச் சேருகிறீர்கள். மறுநாள் காலையில் அதே கதை.

இந்தக் கதை தெரியாத வீடு தோட்டத்தில் இருக்காது. அதனால்தான் இன்றைய பேச்சுக்கு இதையே எடுத்துக்கொண்டேன். நான் மெக்கானிக் அல்லன். தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாழ்வியல் திறன் வகுப்பில் ஒரு பழைய எஞ்சினை எங்களிடம் கொடுத்து, கழற்றி மாட்டச் சொன்னார்கள். மாட்டி முடித்தபோது இரண்டு நட்டுகள் மீந்துவிட்டன என்பது வேறு விஷயம். ஆனால் அன்று கற்றுக்கொண்டது பிற்பாடு பலமுறை கைகொடுத்திருக்கிறது.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று காரியம் வேண்டும். ஒன்று, பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து உள்ளே வரவேண்டும். இரண்டு, தக்க நேரத்தில் பிளக்கில் நெருப்புப் பொறி விழவேண்டும். மூன்று, அந்தக் கலவை நன்றாக அமுக்கப்பட வேண்டும். முதல் இரண்டையும் பெரும்பாலோர் பார்த்துவிடுகிறார்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். பிளக்கைத் துடைத்துப் பொறி பார்ப்பார்கள். பிளக்கையே மாற்றியும் விடுவார்கள். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது. பட்டறைக்காரர்கள் 'கம்பிரஷன் இல்லை' என்று சொல்வது இதைத்தான். நாம் இதை அமுக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

அமுக்கம் என்றால் என்ன? உங்கள் வீட்டில் சைக்கிள் பம்பு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்குங்கள். பாதி வழியிலேயே கை தடைபடும். பம்பின் அடிப்பகுதி சற்றுச் சூடாகவும் செய்யும். எஞ்சினுக்குள் நடப்பதும் இதுவே. பம்பின் குழாய்க்குப் பதில் சிலிண்டர். பம்புத் தண்டின் நுனியில் இருக்கும் தோல் வாஷருக்குப் பதில் பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ரிங்குகளும். விரலுக்குப் பதில் இரண்டு வால்வுகள். ஒரு வால்வு கலவையை உள்ளே விடும். மற்றொன்று புகையை வெளியே விடும். அமுக்கும் வேளையில் இரண்டும் இறுக மூடியிருக்க வேண்டும்.

நம் நாட்டுத் தோட்டங்களில் கப்சாய் என்று சொல்லும் சிறு வண்டிகளே அதிகம். ஹொண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் முதல் சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. 2017-ஆம் ஆண்டில் அந்த வரிசையில் பத்துக் கோடியாவது வண்டி உருவானது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பழைய சி-70 வண்டியைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அதன் பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்கும்போது உள்ளே இழுக்கும் அளவு 72 கன சென்டிமீட்டர்; ஐந்து மேசைக்கரண்டித் தண்ணீர் என்று சொல்லலாம். பிஸ்டன் மேலே ஏறி முடித்ததும் மிஞ்சுகிற இடமோ சுமார் 9 கன சென்டிமீட்டர்தான். இரண்டு தேக்கரண்டி கூட இல்லை. அவ்வளவு சிறிய இடத்தில் நெருக்கப்பட்டுச் சூடேறிய கலவையில் பொறி விழுந்தால்தான் 'படார்' என்று தீப்பிடித்துப் பிஸ்டனைத் தள்ளும். எங்காவது ஓட்டை இருந்து பாதிக் கலவை கசிந்துவிட்டால், எவ்வளவு நல்ல பொறி விழுந்தாலும் பயனில்லை.

தள்ளினால் ஏன் பிடிக்கிறது என்பதும் இப்போது புரியும். பள்ளத்தில் உருளும்போது எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. கசிவதற்கு நேரம் குறைவு. ஆகவே மிஞ்சும் அமுக்கம் கூடுகிறது. உதைத்தால் பிடிக்காமல், தள்ளினால் பிடிக்கும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அமுக்கத்தை.

இனி எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு சிறுமி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. அவள் வீடு பள்ளியிலிருந்து 9 கிலோமீட்டர் தள்ளி, செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் வேறொரு டிவிஷனில். தகப்பனார்தான் வண்டியில் கொண்டுவந்து விடுவார். நான்காம் நாள் மாலை விசாரிக்கப் போனேன். வாசலில் வண்டி நின்றது. அவர் முகம் வாடியிருந்தது.

"சார், பட்டணத்துல காட்டினேன். உதைச்சுப் பார்த்துட்டு பிஸ்டன் போச்சு, ரிங் போச்சு, எஞ்சின எறக்கணும்னுட்டாங்க. முந்நூத்தம்பது வெள்ளி ஆகுமாம். சம்பளம் வர இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. அதுவரைக்கும் புள்ளைய எப்படி அனுப்புறது?"

வீட்டுக்காரம்மாவின் தோட்டை அடகு வைப்பது என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். "அண்ணே, ஒரு மணி நேரம் பொறுங்க. பார்த்துட்டு அப்புறம் அடகுக் கடைக்குப் போகலாம்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே உள்ளூரப் பயம்தான். வாத்தியார் வந்து பேசிவிட்டு ஒன்றும் செய்யாமல் போனார் என்று ஆகிவிடக் கூடாதல்லவா?

நாங்கள் செய்த சோதனைகளை அதே வரிசையில் சொல்கிறேன். நீங்களும் செய்யலாம்.

முதலில் சாவியை அணைத்துவிட்டு, உதைக்கும் கட்டையைக் கையால் மெதுவாகக் கீழே அமுக்க வேண்டும். நல்ல எஞ்சினில் ஓர் இடத்தில் கட்டை 'திம்' என்று தடுக்கும். அதைத் தாண்டக் கொஞ்சம் பலம் வேண்டும். அந்தத் தடுப்புத்தான் அமுக்கம். தடுப்பே இல்லாமல் கட்டை வழுக்கிக்கொண்டு போனால் அமுக்கம் இல்லை என்று பொருள். ஆனால் அவசரப்படக் கூடாது. உதைக்கும் கட்டையின் உள்ளே இருக்கும் பல் தேய்ந்து, எஞ்சினையே சுழற்றாமல் வெறுமனே இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும். இடப்பக்க மூடியைத் திறந்து ஃபிளைவீல் சுற்றுகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது விரல் சோதனை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் குழாயை அடைத்துவிடுங்கள். சாவி அணைந்தே இருக்கட்டும். பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியிலேயே மாட்டி, ஓட்டையிலிருந்து தள்ளி எஞ்சின் உலோகத்தின் மேல் படும்படி வையுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும். அதன் பக்கத்தில் பொறி விழுந்தால் வண்டியோடு வாசலும் எரியும். புகை பிடிக்கிறவர்கள் அந்த நேரத்தில் தூரப் போய்விட வேண்டும். இப்போது ஓட்டையின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைக்க வேண்டாம். வேறொருவர் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு பலமாக உதைக்கட்டும். அமுக்கம் நன்றாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் விரலைத் தூக்கி எறிந்துவிட்டு 'புஸ்' என்று காற்று வெளியேறும். விரல் அசையாமல் இருந்தாலோ, லேசாக மூச்சு விடுவதுபோல் பட்டாலோ குறைபாடு உறுதி. ஆக்சிலேட்டரை ஏன் திருக வேண்டும் என்றால், அது மூடியிருந்தால் உள்ளே காற்றே போதிய அளவு வராது; நல்ல எஞ்சினும் கெட்டதுபோல் காட்டும்.

பட்டறையில் இதற்கென்று அழுத்தமானி இருக்கிறது. ஓட்டையில் திருகி, ஆறேழு முறை உதைத்தால் முள் ஏறி நிற்கும். இத்தகைய சிறு எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் பொதுவாக 150 பி.எஸ்.ஐ. அக்கம் பக்கம் காட்டும். 100-க்குக் கீழே இறங்கிவிட்டால் உதைத்துக் கிளப்புவது கஷ்டம். முள் எப்படி ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். முதல் உதையில் குறைவாகக் காட்டி, அடுத்தடுத்த உதையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ரிங் பக்கம் சந்தேகம். முதலிலும் குறைவு, பிறகும் ஏறவே இல்லை என்றால் வால்வு பக்கம். நம்மிடம் மானி இல்லாவிட்டால் குற்றமில்லை, விரலே போதும்.

அவர் வண்டியில் விரல் சோதனையில் காற்று மெல்லத்தான் வந்தது. ஆக, பட்டறைக்காரர் சொன்ன 'அமுக்கம் இல்லை' என்பது பொய்யல்ல. ஆனால் அமுக்கம் எங்கே போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை. எஞ்சினை இறக்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

இதற்கும் சைக்கிள் பம்புதான் வழிகாட்டி. பம்பின் தோல் வாஷர் காய்ந்துவிட்டால் காற்று ஏறாது. நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார்கள். வாஷர் குழாயோடு ஒட்டிக்கொண்டு மீண்டும் காற்று ஏறும். எஞ்சினிலும் அப்படியே. பிளக் ஓட்டை வழியாகச் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்டு, சிலமுறை உதைத்துவிட்டு, மறுபடி விரல் சோதனை செய்யுங்கள். அமுக்கம் நன்றாகக் கூடினால் தேய்ந்தது ரிங்கோ சிலிண்டரோதான். எண்ணெய் அந்த இடுக்கை அடைத்ததால் கூடியிருக்கிறது. எண்ணெய் விட்டும் கூடவில்லையென்றால் கசிவு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. அங்கே எண்ணெய் போய் அடைக்காது.

இந்தச் சோதனையில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. கார் எஞ்சினுக்குச் சொன்ன அளவைக் கேட்டுவிட்டு ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். சி-70 எஞ்சினில் மிஞ்சும் இடமே 9 கன சென்டிமீட்டர்தான் என்று சொன்னேன் அல்லவா? ஒரு தேக்கரண்டி என்பது 5. பாதி இடத்தை எண்ணெயே பிடித்துக்கொண்டால் எந்த ஓட்டை எஞ்சினும் அமுக்கம் கூடியதாகவே காட்டும். கால் தேக்கரண்டி போதும். மருந்து கொடுக்கும் ஊசியில்லாக் குழல் இருந்தால் 1 மில்லி லிட்டர் அளந்து விடலாம். கப்சாய் எஞ்சினின் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த வாக்கில் இருப்பதால் எண்ணெய் அடிப்பக்கத்திலேயே தங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பத்துத் தடவையாவது மெதுவாகச் சுழற்றிப் பரவ விடுங்கள். ஓட்டையின் மேல் பழந்துணி ஒன்றைப் போட்டுக்கொண்டு சுழற்றுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் முகத்தில் அடிக்கும். எனக்கு அடித்திருக்கிறது.

அவர் வண்டியில் எண்ணெய் விட்ட பிறகும் வித்தியாசம் தெரியவில்லை. சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பிளக்கை மாட்டி, கட்டையைக் கையால் மெதுவாக அமுக்கினேன். புகைக்குழாயின் வாயில் காதை வைத்திருந்த மகள், "சார், உள்ள ஸ்ஸ்ஸுன்னு கேக்குது!" என்றாள். கார்புரேட்டர் வாயில் கேட்டால் உள்வரும் வால்வு. எண்ணெய் ஊற்றும் ஓட்டையில் கேட்டால் ரிங். தலைப்பகுதியின் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வந்தால் கேஸ்கெட். இங்கே புகைக்குழாயில் கேட்டதால் வெளியேறும் வால்வு மூடவில்லை என்று தெரிந்துவிட்டது.

வால்வு மூடாமல் இருக்கச் செலவில்லாத காரணம் ஒன்று உண்டு. அதுதான் டேப்பட் இடைவெளி. வால்வின் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். சி-70 வண்டிக்கு அது எஞ்சின் ஆறிய நிலையில் 0.05 மில்லிமீட்டர். உங்கள் பிள்ளையின் பயிற்சிப் புத்தகத் தாளின் கனத்தில் ஏறக்குறையப் பாதி. அந்த இடைவெளி அறவே இல்லாமல் போனால் ராக்கர் வால்வை எப்போதும் சற்றே திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்குவதால் இந்த இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். சத்தமில்லாமல் குறையும் என்பதுதான் ஆபத்து. இடைவெளி கூடினால் 'டிக் டிக்' என்று கேட்கும். குறைந்தால் எஞ்சின் முன்னைவிட அமைதியாகிவிடும். நாம் வண்டி நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருப்போம்.

"அண்ணே, டேப்பட்டை யாராவது தொட்டாங்களா?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "டிக்கு டிக்குன்னு சத்தம் வந்துச்சு சார். நாந்தான் போன மாசம் முடுக்கி விட்டேன். அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

திருத்துவது இப்படி. எஞ்சின் தலையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வட்ட மூடிகள் இருக்கும். மேலே இருப்பது உள்வரும் வால்வுக்கு. கீழே இருப்பது வெளியேறும் வால்வுக்கு. அவற்றைத் திறந்து, ஃபிளைவீலைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி, அதிலுள்ள 'டி' என்ற குறி எஞ்சின் உடலிலுள்ள குறிக்கு நேரே வரச் செய்ய வேண்டும். அந்த நிலை அமுக்கும் வேளைதானா என்று பார்க்க வேண்டும். டேப்பட் சரியாக உள்ள வண்டியில் இரண்டு ராக்கர்களும் கையால் அசைத்தால் லேசாக ஆடும். அவை ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். இரண்டு நிலையிலும் ஆடவில்லையென்றால் இடைவெளி இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். அந்த மாதிரி வண்டியில் உள்வரும் வால்வின் ராக்கர் எந்தச் சுற்றில் அசையாமல் ஓய்ந்திருக்கிறதோ, அதுவே அமுக்கும் வேளை. பிறகு பூட்டு நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜ் தகட்டை இடையில் விட்டு, தகடு சற்று இழுபட்டுக்கொண்டு நகரும் அளவுக்குத் திருகை வைத்து, திருகு சுழலாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். பெரும்பாலும் அப்போதுதான் அளவு மாறிப் போகும். மற்ற வண்டிகளுக்கு அளவு வேறாக இருக்கலாம். அவரவர் வண்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் வண்டியில் கீழ் ராக்கர் கல்லாக நின்றது. தகடு நுழையவே இல்லை. அளவு வைத்து மூடினோம். இந்த முறை உதைக்கும் கட்டை அமுக்கும்போதே 'திம்' என்று தடுத்தது. மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சிறுமி கை தட்டினாள். தோடு காதிலேயே இருந்தது.

எல்லா வண்டியும் இப்படிச் செலவில்லாமல் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வால்வு பல நாள் திறந்தபடி ஓடியிருந்தால் சூடான புகை அதன் விளிம்பை அரித்திருக்கும். அப்போது தலையைக் கழற்றி, வால்வைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். முற்றிலும் கருகியிருந்தால் மாற்ற வேண்டும். அப்படியானாலும் பிஸ்டனும் ரிங்கும் வாங்கத் தேவையில்லை.

என் சொந்த வண்டியில் கதை வேறு. எண்ணெய் விட்டதும் அமுக்கம் கிடுகிடுவென்று ஏறியது. புகைக்குழாயில் நீலப்புகை வேறு. குற்றம் என்னுடையது. காற்று வடிகட்டி கிழிந்திருந்ததை ஒரு வருஷம் பார்க்காமல் விட்டுவிட்டேன். நம் தோட்டத்துச் செம்மண் புழுதி இருக்கிறதே, அது சிலிண்டருக்குள் போனால் மணல் தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். சில இளைஞர்கள் வண்டி வேகமாகப் போகும் என்று வடிகட்டியையே கழற்றி எறிகிறார்கள். வேகம் கூடுகிறதோ இல்லையோ, சிலிண்டரின் ஆயுள் குறைவது நிச்சயம். கறுப்பெண்ணெய் விஷயமும் அப்படியே. சி-70 எஞ்சின் கொள்வது ஒரு லிட்டருக்கும் குறைவு. அதை வடிகட்டக் காரில் இருப்பதுபோல் தாள் வடிகட்டியும் கிடையாது. அந்தக் கொஞ்சம் எண்ணெய் கறுத்துக் கூழாகிவிட்டால் ரிங்குகள் தங்கள் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். எண்ணெய்க் குச்சியால் அளவு பார்க்கும்போது குச்சியைத் துடைத்து, திருகாமல் மரையின் மேல் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.

ரிங் தேய்ந்த வண்டிக்குப் புது ரிங் மட்டும் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். சிலிண்டர் தேயாமலிருந்தால் போடலாம். தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால் புது ரிங் வட்டமாகத்தானே இருக்கும்? சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும். அப்போது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவதுதான் வழி. அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. நானும் கொடுத்தேன்.

வீணாகப் பயப்படக்கூடிய ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சோக்கை இழுத்துவிட்டு ஐம்பது முறை உதைத்தால் சிலிண்டர் சுவரில் பெட்ரோல் வழிந்து அங்கிருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டியில் திடீரென்று அமுக்கம் போய்விட்டால் முதலில் இதை நினையுங்கள். பிளக் நனைந்திருக்கும். பிளக்கைக் கழற்றி, சோக்கை மூடி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிச் சிலமுறை உதைத்து ஈரத்தை வெளியேற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, உலர்ந்த பிளக்கை மாட்டி உதையுங்கள். பலமுறை அத்தோடு தீர்ந்துவிடும். பிளக் சரியாக இறுகாமல் இருந்தாலும் அமுக்கம் கசியும். அதையும் தொட்டுப் பாருங்கள்.

பட்டறைக்குப் போக வேண்டிய நிலை வந்தால் தயங்காமல் போங்கள். போகும்போது 'எண்ணெய் விட்டுப் பார்த்தேன், கூடியது' அல்லது 'கூடவில்லை, புகைக்குழாயில் சீறுகிறது' என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பிஸ்டனையும் வால்வையும் ஒரு துணியில் சுற்றிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேச வரும்போது, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வது பற்றிச் சொல்கிறேன்.